கச்சான் காற்றும் கவ்வாத்துக் கத்தியும்

பதுளைக்குச் சென்று திரும்பியவரிடம், "அங்கே என்ன கண்டீர்கள்?" என்று வினவினால், பெரும்பாலோர் துன்ஹிந்தை அருவியைச் சொல்வர், முதியங்கனை விகாரையைச் சொல்வர், தெமோதரையில் புகைவண்டிப் பாதை தன்னைத்தானே சுற்றிவந்து, தன் அடியிலேயே சுரங்கத்தில் நுழையும் விந்தையைச் சொல்வர். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921ஆம் ஆண்டில் நிறைவெய்திய ஒன்பது வளைவுப் பாலத்தையும் மறவாது குறிப்பிடுவர். முதலாம் உலகப் போருக்காக உருக்கெல்லாம் திருப்பப்பட்டுவிட்டமையால், கல்லையும் செங்கல்லையும் சீமெந்தையும் கொண்டே அப்பாலத்தை எழுப்பினார்கள் என்று ஊரார் ஒரு கதை சொல்வதுண்டு. கதை எவ்வாறாயினும் பாலத்தில் உருக்கு இல்லை என்பது உண்மை.

உருக்கில்லாத அந்தப் பாலத்தைக் காண உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். ஊவாவின் உருக்கைக் காண வருபவரோ மிகச் சிலர். அவ்வுருக்கு இரண்டு இடங்களில் உண்டு. ஒன்று, தேயிலை மலைகளில் வேலை செய்வோரின் கையில்; மற்றொன்று, ஊவாவின் தென்மேற்கு எல்லையில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அணைந்துபோன உலைகளின் சாம்பலில். இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கத்தியே கூலி

தேயிலையைத் தன் போக்கில் வளரவிட்டால் அது செடியாக நில்லாது, மரமாகிவிடும். ஆகவே மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை அதனைத் தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்தில் வெட்டிவிடுகிறார்கள். தாழ்ந்த மலைகளில் விரைவாகவும், உயர்ந்த மலைகளில் தாமதித்தும் இது நிகழும். தோட்டத்துத் தமிழில் இதன் பெயர் கவ்வாத்து. அதற்கென்று உள்ள கருவி கவ்வாத்துக் கத்தி. மரப்பிடியும், முனையில் உள்நோக்கி வளைந்த அலகும் உடையது. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. கவ்வாத்து ஆண்களின் வேலை.

பார்ப்பதற்கு மரம் வெட்டுவது போன்ற முரட்டு வேலையாகத் தோன்றும் இது, உண்மையில் மருத்துவனின் வேலையை ஒத்தது. ஒவ்வொரு கிளையையும் சரிவாக வெட்டவேண்டும். மழைநீர் வெட்டுவாயில் தங்காது வழிந்தோட வேண்டும். வெட்டு வழவழப்பாக அமைய வேண்டும். பட்டை கிழிந்தாலோ தண்டு பிளந்தாலோ அக்காயத்தின் வழியே பூஞ்சணம் நுழையும். மேலே தொடங்கும் உலர்தல், காலப்போக்கில் கிளை நெடுகக் கீழிறங்கி, அடித்தண்டையே உளுக்கச் செய்யும். உயர்ந்த மலைகளில், செடி மூச்சுவிடுவதற்கென்று ஓரிரு கிளைகளை இலையுடன் விட்டுவைக்கும் வழக்கமும் உண்டு. நன்றாகக் கவ்வாத்துச் செய்யப்பட்ட செடி பல பத்தாண்டுகள் பலன் தரும்.

ஒரு செடிக்கு இருபது கிளைகள் என்றும், ஒருவர் நாளொன்றுக்கு நூறு செடிகள் வெட்டுகிறார் என்றும் கொண்டால்கூட, மாலைக்குள் இரண்டாயிரம் வெட்டு ஆகிறது. இரண்டாயிரம் முறையும் கத்தி ஒரே வீச்சில் கடந்து செல்லவேண்டும். தோட்டங்களில், குறித்த கணக்கை முடித்தவருக்கு ஒரு நாள் 'பேர்' விழும். முடிக்காதவருக்கு 'அரைப்பேர்' என்ற வழக்கு நெடுங்காலமாக இருந்துவந்தது. பேர் என்பது அந்நாளின் கூலி. நண்பகலில் மழுங்கிப்போன கத்தி, மாலையில் அரை நாட் கூலியைக் கொண்டுபோய்விடும். மணிக்கட்டு வலியும் உடன் சேரும்.

மூன்று வாக்கியங்கள்

பசறைக்கு அப்பால், நமுனுகுலை மலைச் சாரலில், கவ்வாத்து மலையொன்றின் ஓரத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை அண்மையில் கண்டேன். கத்தியை ஒரு சிறு கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு கத்தியின் கூர் நெடுநேரம் நிற்பதும், இன்னொன்றின் கூர் உடனே போவதும் எதனால்?" என்று கேட்டேன்.

அவர் கல்லை விட்டுத் தலையை நிமிர்த்தாமலே விடையிறுத்தார்: "ரொம்ப வைரமா இருந்தா பல்லு விழும், சேர். ரொம்ப இளசா இருந்தா வாய் மடங்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும்."

சற்று நேரம் கழித்து, "தீட்டுறப்போ படுக்க வச்சுத் தீட்டணும். கடைசி ரெண்டு இழுப்பு மட்டும் கொஞ்சம் தூக்கிப் போடணும்" என்றார்.

கத்தியைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தபோது, "வெட்டுறப்போ கையத் திருகாம இழுக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

இந்த மூன்று வாக்கியங்களிலும் அடங்கியுள்ள பௌதிகத்தை விரித்துரைப்பதற்கு எனக்கு ஒரு வகுப்பு நேரம் போதாது. ஆயினும் மாணவர்களின் நன்மை கருதி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

வைரமும் இளசும்

முதல் வாக்கியம் உருக்கின் வன்மையைப் பற்றியது. தூய இரும்பு மென்மையானது. அதனைத் தீட்டினால் கூர் வரும், ஆனால் நில்லாது. இரும்போடு சிறிதளவு காபன் சேர்ந்ததே உருக்கு. நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை காபன் கொண்ட உருக்கே கத்திக்கு ஏற்றது. கிராமத்துக் கொல்லர்கள் பழைய லொறிகளின் வில்தகட்டைத் தேடிச் செல்வதன் காரணமும் இதுவே. வில்தகட்டில் காபன் ஏறத்தாழ நூற்றுக்கு அரைப் பங்கு முதல் சற்று மேல் வரை இருக்கும்.

காபன் இருந்தால் மட்டும் போதாது. அலகைச் செக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். ஏறத்தாழ 770 பாகை சென்டிகிரேட்டில் இரும்பு காந்தத்துக்கு வசப்படாது போய்விடும்; அதற்குச் சற்று மேலான சூட்டில் எடுத்து, நீரிலோ எண்ணெயிலோ சட்டென்று தோய்க்க வேண்டும். இதனைத் தோய்ச்சல் என்பர். சூட்டில் இரும்பினுள் கரைந்திருந்த காபன், குளிர்ச்சி திடீரென வரவே வெளியேற வழியின்றி உள்ளேயே சிறைப்பட்டு, இரும்பணுக்களின் அடுக்கை இறுக்கிவிடுகிறது. அலகு இப்போது கண்ணாடிபோல் வன்மையுடையது. கண்ணாடிபோலவே உடையக்கூடியதும் ஆகும். முதியவர் சொன்ன 'பல்லு விழும்' நிலை இதுதான்.

ஆதலால் தோய்த்த அலகை மீண்டும் இளஞ்சூட்டில் காட்டிச் சிறிது பதம் இறக்க வேண்டும். மெருகிட்ட உருக்கின் மேல் அப்போது நிறங்கள் ஓடும். ஏறத்தாழ 220 பாகையில் வைக்கோல் மஞ்சள். 260 பாகையில் பழுப்பு. 300 பாகையில் நீலம். மஞ்சளில் நிறுத்தினால் வன்மை மிகுதி. நீலத்தில் நிறுத்தினால் வளையும் தன்மை மிகுதி. வெப்பமானி இல்லாத பட்டறையில் கொல்லனின் கண்ணே வெப்பமானி.

அமெரிக்காவில் றொக்வெல் என்னும் குடும்பப்பெயர் கொண்ட இருவர், வன்மையை எண்ணால் அளக்கும் பொறியொன்றுக்கு 1914இல் விண்ணப்பித்து, 1919இல் காப்புரிமை பெற்றனர். வைரக் கூம்பொன்றை 150 கிலோகிராம் சுமையால் உருக்கின் மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பதே முறை. அவ்வளவையின்படி ஐரோப்பியச் சமையற் கத்திகள் பெரும்பாலும் 54 முதல் 58 வரை நிற்கும். யப்பானியரின் மெல்லிய கத்திகள் 60ஐத் தாண்டும். காடு வெட்டும் கத்திகளோ 50ஐ ஒட்டியே அமையும். மரத்தோடு மோதும் கத்தி கொஞ்சம் இளசாயிருப்பதே நன்று. பொறி இல்லாதவர் நல்ல அரமொன்றை அலகின்மேல் இழுத்துப் பார்க்கலாம். அரம் கடித்தால் உருக்கு இளசு, வழுக்கினால் வைரம்.

எத்தனை பாகை?

இரண்டாம் வாக்கியம் தீட்டும் கோணத்தைப் பற்றியது. கத்தியின் வாய் என்பது இரண்டு சரிவுகள் சந்திக்கும் ஆப்பு. அலகைக் கல்லின்மேல் எத்தனை பாகை சாய்த்துப் பிடிக்கிறோமோ, அதன் இருமடங்கே வாயின் முழுக்கோணம்.

இதனை அளக்கக் கருவி வேண்டியதில்லை. திரிகோணகணிதத்தில் நாம் கற்கும் சைன் போதும். நான்கு சென்ரிமீற்றர் அகலமுள்ள அலகின் முதுகைக் கல்லிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உயர்த்தினால், நான்கிலொன்று; அதாவது ஏறத்தாழ 15 பாகை. 1.4 சென்ரிமீற்றர் உயர்த்தினால் ஏறத்தாழ 20 பாகை. முன்னதில் வாய் 30 பாகை, பின்னதில் 40 பாகை. முதுகை நாலு மில்லிமீற்றர் தூக்கியதன் விளைவு இது.

மெல்லிய வாய் விரைவில் மழுங்கும், தடித்த வாய் நெடுநேரம் நிற்கும் என்பதே பொதுவான எண்ணம். கணக்கு வேறு சொல்கிறது. இரண்டு கத்திகளின் வாயும் ஒரே அளவாக, மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு ஆழத்துக்குத் தேய்ந்தன என்று கொள்வோம். 30 பாகைக் கத்தியில் மழுங்கிய தட்டையின் அகலம் 0.054 மில்லிமீற்றர், 40 பாகைக் கத்தியில் 0.073 மில்லிமீற்றர். பின்னது மூன்றிலொரு பங்குக்கும் மேல் அகலம். ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிப்பு! தேய்ந்த பின்னரும் மெல்லிய கத்தி வெட்டிக்கொண்டே இருக்கும். கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், மணற்றுகள் கலந்த அட்டைகளைக் கத்தியால் அறுத்து அதன் கூர் எவ்வளவு நிலைக்கிறது என்று காணும் சோதனையை வகுத்தார்கள். அத்தகைய சோதனைகளிலும், ஒரே உருக்காயின், கோணம் குறைந்த கத்தியே மிகுதியான அட்டைகளை அறுக்கிறது.

அப்படியானால் கோணத்தைக் குறைத்துக்கொண்டே போகலாமா? போகலாகாது. இங்கேதான் முதலாம் வாக்கியமும் இரண்டாம் வாக்கியமும் கைகோத்துக்கொள்கின்றன. மெல்லிய வாயைத் தாங்குவதற்கு உருக்கில் வன்மை வேண்டும். இளசான உருக்கை மெல்லிதாகத் தீட்டினால், அட்டையை அறுக்கும். தேயிலைத் தண்டில் பட்டதும் மடங்கிவிடும். வைரமான உருக்கை மெல்லிதாகத் தீட்டினால், மடங்காது. ஆனால் கணுவில் பட்டதும் தெறிக்கும். ஒரு கத்திக்கு ஏற்ற கோணம், அதன் உருக்கையும் அது வெட்டும் பொருளையும் பொறுத்தது.

முதியவரோ இச்சிக்கலை இரண்டு இழுப்பில் தீர்த்துவிடுகிறார். அலகைப் படுக்கவைத்துத் தீட்டுவதனால் உடல் மெல்லிதாகிறது. கத்தி மரத்தினுள் இலகுவாக நுழைகிறது. கடைசி இரண்டு இழுப்பைச் சற்றுத் தூக்கிப் போடுவதனால், வாயின் நுனியில் மட்டும் மயிரிழை அகலத்துக்கு ஒரு தடித்த சரிவு உண்டாகிறது. அது மடங்குவதையும் தெறிப்பதையும் தடுக்கிறது. உலகின் கத்தி வல்லுநர்கள் இன்று இரட்டைச் சரிவு என்று விளக்கும் உத்தி இதுவேயாகும்.

கையைத் திருகாதே

மூன்றாம் வாக்கியத்துக்கு விளக்கம் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. தலைமயிரைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு வன்மையான சவர அலகு, வெறும் மயிரை வெட்டி ஏன் மழுங்குகிறது என்ற கேள்வியை அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் எழுப்பினர். இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழே மயிரை வெட்டிப் பார்த்து, 2020ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் தம் முடிவை வெளியிட்டனர். அலகு சிறிது சிறிதாகத் தேய்வதைவிட, வாயில் நுண்ணிய துண்டுகள் தெறிப்பதே மழுங்கலுக்குப் பெருங்காரணம் என்று கண்டனர். அத்தெறிப்பும் எப்போதும் நிகழ்வதன்று. மயிர் வளைந்து கொடுத்து, அலகைச் சாய்வாகத் தாக்கும்போது, அவ்விடத்தில் உருக்கின் உள்ளமைப்பும் சீரற்றிருந்தால் மட்டுமே நிகழ்கிறது.

சாய்ந்து தாக்கும் விசையே கூரின் பகை என்பது இதன் பொருள். கவ்வாத்தில் கையைத் திருகினால் வாயின்மேல் விழுவதும் அதே பக்கவாட்டு விசைதான்.

இன்னொரு பகையும் உண்டு. தேயிலைத் தண்டின் சாறு பட்ட கத்தி கறுத்துப்போகும். தேநீரில் துவர்ப்பைத் தரும் பொருள்கள் இரும்புடன் கூடிப் பழங்காலத்து எழுது மையைப் போன்ற கருமையை உண்டாக்குகின்றன. ஈரமும் சேர்ந்தால், வாயின் மிக மெல்லிய நுனியே முதலில் அரிக்கப்படும். மாலையில் துடைத்து எண்ணெய் தடவாத கத்தி, வெட்டாமலே இரவில் மழுங்கும்.

காற்று ஊதிய உலை

இனி, இந்த உருக்குக் கலை ஊவாவின் ஓரத்திலேயே எவ்வளவு பழமையானது என்று காண்போம்.

ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைச்சரிவுகளில் தன் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுடிகளைக் கடந்து, ஊவாவுக்குள் வறண்ட காற்றாக இறங்குகிறது. அதனையே கச்சான் என்கிறோம். இக்காற்றில் தேயிலையின் வளர்ச்சி தளர்கிறது. கொழுந்தில் மணம் செறிகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் தேடித்தந்தது இப்பருவத்துக் கொழுந்தே. இவ்வறட்சியில் வெட்டப்பட்ட செடி தளிர்க்கத் தவிக்கும். ஆதலால் கவ்வாத்துக்காரர் கச்சான் ஓயும்வரை பொறுத்திருப்பர்.

அப்புத்தளை மலைவிளிம்பில் நின்று, தெளிந்த நாளொன்றில் தென்மேற்கே நோக்கினால், கீழே சமனலவெவ நீர்த்தேக்கம் பளிங்குபோல் மின்னும். வளவை கங்கையை மறித்து 1992இல் நிறைவெய்திய நீர்மின் திட்டம் அது. அணை எழுவதற்கு முன்னர், நீரில் மூழ்கவிருந்த நிலத்தைத் தொல்லியலாளர் ஆராய்ந்தனர். மலைமுகடுகளை அடுத்து, மேற்கு நோக்கிய சரிவுகளில், இரும்புக் கசடு குவிந்த பழைய உலைகள் ஏராளமாகக் கிடைத்தன. அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையில் எரிந்தவை. எல்லாம் மேற்கையே நோக்குவானேன்?

கில் ஜுலெஃப் என்னும் பிரித்தானியத் தொல்லியல் அறிஞர் இதற்கு விடை கண்டார். உலைகளுக்குத் துருத்தியே இல்லை. கச்சான் காற்றே துருத்தி! களிமண்ணால் முன்சுவர் எழுப்பி, அதன் அடியில் மண்குழாய்களைப் பதித்திருந்தார்கள். விரைந்து வரும் காற்று முன்சுவரின் தலையைத் தாண்டிச் செல்லும்போது, சுவருக்குப் பின்னே உலையின் மேற்புறத்தில் அழுத்தம் குறைகிறது. அக்குறைவு குழாய்களின் வழியே காற்றை உள்ளே இழுக்கிறது. இயற்கைக் காற்றை நம்பி இரும்பு உருக்க இயலாது என்று அறிஞர் பலர் எண்ணியிருந்த காலம் அது. ஜுலெஃப் குழுவினர் பழைய அமைப்பிலேயே உலை கட்டி, 1994ஆம் ஆண்டின் பருவக்காற்றில் எரித்துக் காட்டினர். வெப்பம் 1500 பாகை சென்டிகிரேட்டை எட்டியது. கிடைத்த விளைவில் காபன் மிகுந்த உருக்கும் இருந்தது! இவ்வாய்வு 1996இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி. சமனலவெவ மலைகளில் அக்காற்று கல்லிலிருந்து இரும்பையே பிரித்தது.

ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அராபிய அறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் 'சரந்தீப்' வாள்களையும் குறிப்பிடுகிறார். சரந்தீப் என்பது இலங்கை. பிற்காலத்தில் இந்நாட்டுக் கொல்லர் இரும்பையும் மரச்சிராயையும் மண்குகையில் அடைத்து உருக்குச் செய்த முறையை, நம்மவரான ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற ஆங்கில நூலில் பதிவுசெய்தார். தமிழகத்தில் கொடுமணல் அகழ்வுகளும், சேலத்துக் கொல்லர்கள் ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் இட்டு உருக்குக் காய்ச்சியதைப் பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகளும், இக்கலை கடலின் இரு கரையிலும் செழித்தமைக்குச் சான்று. அந்தச் சேலம் மாவட்டத்திலிருந்தும் மக்கள் இம்மலைகளில் உழைக்க வந்தார்கள் என்பது இங்கு நினைத்தற்குரியது.

எழுதப்படாத ஏடு

சமனலவெவயின் உலைகளில் தாழ்ந்த நிலத்தில் இருந்தவை நீருள் மறைந்தன. ஆராய்ந்து எழுதிவைத்தமையால் அவற்றைப் பற்றிய அறிவேனும் எஞ்சியது. மலைகளில் கத்தி பிடித்தவரின் அறிவை எழுதிவைத்தவர் யார்? கவ்வாத்துக்கு இயந்திரங்கள் சில தோட்டங்களில் வந்துவிட்டன. இளைஞர் வேறு தொழில்களை நாடுகின்றனர். அவர்கள் நாடுவதும் நியாயமே. அரைப்பேருக்கு அஞ்சி வெயிலிலும் பனியிலும் குனிந்து நின்ற வாழ்வை எவரும் பிள்ளைகளுக்கு விரும்பமாட்டார். ஆனால் அவ்வாழ்வில் விளைந்த அறிவை அதனோடு சேர்த்துப் புதைத்துவிடுதல் நன்றன்று.

மலையகத்து மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் ஒரு சிறு காரியம் செய்யலாம். கவ்வாத்துக் கத்தி பிடித்த பாட்டனாரோ பெரியப்பாவோ வீட்டில் இருப்பின், அவரிடம் கத்தியையும் கல்லையும் கொடுத்துத் தீட்டச் சொல்லுங்கள். அலகின் அகலத்தை அளந்து, முதுகு எவ்வளவு உயர்கிறது என்பதையும் அடிமட்டத்தால் அளந்துகொள்ளுங்கள். சைன் அட்டவணையைப் பார்த்துப் பாகையைக் கணித்து, அவர் சொல்லும் காரணங்களோடு ஒரு கொப்பியில் எழுதி, தேதியும் தோட்டத்தின் பெயரும் இட்டுவையுங்கள்.